வெளிச்சி எதைப் பொறுக்குகிறது? சின்னப் பூச்சிக்குப் பொருந்தும் பொய்ப்பூச்சி கட்டும் முறை

மார்கழி மாலையில் மதகுக்குக் கீழே போய் நின்றால் தண்ணீர் முழுக்க வட்டம் வட்டமாக வெளிச்சி போன்ற சின்ன மீன்கள் எழும்பும். நூலும் இறகும் முள்ளில் சுற்றி நாம் கட்டிப் போட்ட பொய்ப்பூச்சி அந்த வட்டங்களுக்கு நடுவிலேயே மிதந்து போகும். ஒரு மீன்கூட ஏறெடுத்துப் பார்க்காது. பக்கத்தில் மண்புழு போட்டவர் சத்தமில்லாமல் பையை நிரப்பிக்கொண்டிருப்பார். பொய்ப்பூச்சி கட்டித் தூண்டில் போடுகிற எல்லோருக்கும் பழகிப்போன எரிச்சல் இது.

மீனுக்குப் பசி இல்லை என்று எண்ண வேண்டாம். அந்த நேரத்தில் ஏதோ ஒரு பூச்சி அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கிறது, அவ்வளவுதான். வேறு இரை தேடி அலைவதைவிட அதையே பொறுக்கினால் குறைந்த உழைப்பில் வயிறு நிறையும். ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப விழுங்கிய மீன், அடுத்த வாய்க்கும் அந்த உருவத்தையே தேடும். அந்த உருவத்துக்குச் சேராத எதுவும், எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும், அதற்குக் குப்பைதான். ஆகவே பெட்டியைத் திறக்கும் முன் அது எதைப் பொறுக்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வித்தை வளர்ந்தது குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை வைத்து. நம் மாநிலத்தில் அதற்குப் பேர்போன இடம் நீலகிரி. மீன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் டே 1860களில் கொண்டுவந்து விட முயன்றார், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் முயற்சியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது, அப்புறம்தான் வானவில் டிரவுட் அங்கே ஊன்றிக்கொண்டது. வேலை நிமித்தம் சில வருடம் மலையில் இருந்தபோது அந்த ஓடைகளில்தான் நான் பொய்ப்பூச்சி கட்டப் பழகினேன். டெல்டாவுக்கு டிரவுட் வராது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திண்டாட்டம். நம் வாய்க்கால் வெயில் காலத்தில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஆனால் டிரவுட்டுக்குச் சொன்ன பாடம் நம்மூர் வெளிச்சிக்கு அப்படியே பொருந்துகிறது. வெள்ளிக் கத்தி போல ஒடிசலாக, வாய் மேல்நோக்கி வெட்டியிருக்கும் சின்ன மீன் அது. மேல்தண்ணீரிலேயே திரிந்து பூச்சி பொறுக்கும். மாலையில் கெண்டை, ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு, பனையேறிக் கெண்டை எல்லாமும் மேலே வந்து கொத்தும். பிடிவாதத்தில் மட்டும் வெளிச்சியை அடிக்க ஆள் இல்லை.

நான் வேளாண்மைத் துறையில் பூச்சிக் கண்காணிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். கும்பகோணத்துக்கும் ஆடுதுறைக்கும் நடுவில் வீடு, நடக்கிற தூரத்தில் ஆறு. கீழே சொல்வதில் பாதி மலையில் கற்றது, மீதி வயலில் கற்றது. வயல் பாதிதான் இங்கே அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் தூண்டிலைச் சாய்த்து வையுங்கள்

கரைக்குப் போனதும் வீசக் கூடாது. உட்கார்ந்து, ஒரே ஒரு மீனை மட்டும் குறிவைத்து, அது எழும்புகிற விதத்தைப் பாருங்கள். எல்லா வட்டமும் ஒன்றல்ல. சின்ன வட்டம் விரிந்து, நடுவில் ஒரு காற்றுக்குமிழி மிதந்தால், மீன் மேற்பரப்பில் இருந்ததை எடுத்திருக்கிறது. பூச்சியோடு காற்றையும் விழுங்கி வெளியே விட்டதுதான் குமிழி. முதுகும் வாலும் மட்டும் புரண்டு, வாய் வெளியே தெரியாமல், குமிழியும் இல்லாமல் போனால், அது மேற்பரப்புக்கு ஒரு விரல் கீழே, வெளிவரத் துடிக்கும் பூச்சியைத் தின்கிறது. தண்ணீர் தெறிக்க எகிறினால் ஓடுகிற அல்லது பறக்க எழுகிற பூச்சியைத் துரத்துகிறது. மீன் முதுகு புரள்கிற மாலையில் மிதக்கும் பூச்சியைப் போட்டுவிட்டு இருட்டும்வரை வீசிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மிதப்பதும் மூழ்குவதும்தான் அங்கே பிரச்சினை. அவர்கள் நிறத்தை மாற்றி மாற்றிக் கட்டுவார்கள்.

பறவையையும் பாருங்கள். தகைவிலான் தண்ணீரை உரசிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் பறந்தால், தண்ணீருக்குள்ளிருந்து பூச்சி வெளிவருகிறது என்று பொருள். கரிச்சான் வரப்பிலிருந்து எழும்பி எழும்பிப் பிடித்தால் இரை வயலிலிருந்து வருகிறது.

அடுத்தது பூச்சியைக் கையில் பிடிப்பது. பழைய கொசுவலையில் ஒரு முழம் வெட்டி இரண்டு குச்சியில் கட்டி, வாய்க்காலில் பாதி மூழ்க, பாதி வெளியே தெரியப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேலே கொண்டுவருவதும் அடியில் கொண்டுவருவதும் இரண்டும் சிக்கும். வலையை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசினால் சாட்சி எல்லாம் தட்டில். குழம்புக்குப் போகிற மீன் இருந்தால் வயிற்றைக் கீறி அதே தட்டில் விடுங்கள். இதைவிட நேரான சாட்சி கிடையாது. ஆனால் தட்டில் எது அதிகம் கிடக்கிறதோ அதுதான் இரை என்று முடிவு கட்ட வேண்டாம். வலையில் நூறு கிடந்தும் மீன் வயிற்றில் வேறு ஒன்று இருப்பதுண்டு. அந்த வேறு ஒன்று தப்பிக்க முடியாத நிலையில் மிதப்பதாக இருக்கும்.

டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது, மலையில் இல்லாதது: விளக்குப் பொறி. சம்பா நடுவில் எந்தக் கிராமத்திலாவது யாராவது ஒருவர் வயலில் வைத்திருப்பார். முதல்நாள் ராத்திரி அதில் விழுந்ததைக் காலையில் போய்ப் பாருங்கள். பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் பூச்சி என்று ஊரில் என்ன பறக்கிறது என்பதற்கு அது கணக்குப் புத்தகம். விவசாயி மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று பார்ப்பார். நீங்கள் எந்த நூலை எடுப்பது என்று பார்க்கலாம். பொறி இல்லாவிட்டால் தெருவிளக்கின் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போட்டாலும் போதும். ஒன்று மட்டும்: மருந்து அடித்த வயலின் வடிகாலில் செத்த பூச்சி மிதக்கும், மீனும் விழுந்து விழுந்து தின்னும். அந்த மீனை அப்போது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

அளவு, இருப்பு, உருவம், நிறம் கடைசியில்

நிறத்தில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன்.

பிடித்த பூச்சியைப் பள்ளிக்கூட ஸ்கேல் மேல் வையுங்கள். பறக்கும்போது பெரிதாகத் தெரிந்தது, சிறகை விட்டு உடம்பை மட்டும் அளந்தால் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் ஏறக்குறைய இந்த அளவுதான். பொய்ப்பூச்சிக்கான முள்ளில் எண் ஏற ஏற முள் சிறுக்கும்: 6 மில்லிமீட்டர் உடம்புக்கு எண் 18, அதற்கும் கீழே 20, 22 என்று போக வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் தூண்டில் முள் இந்த வேலைக்கு ஆகாது. கம்பி தடிமன், பூச்சியை இழுத்துக்கொண்டு மூழ்கிவிடும். மெல்லிய கம்பி முள்ளை ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 22-ஐக் கண்ணால் பார்த்துக் கட்ட முடியாத வயதுக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு: எண் 18 முள்ளை எடுத்து, முன்பாதியில் மட்டும் உடம்பைக் கட்டி, பின்பாதியை வெறுங்கம்பியாக விட்டுவிடுங்கள். மீன் கம்பியைப் பொருட்படுத்துவதில்லை, உடம்பின் நீளத்தைத்தான் பார்க்கிறது. பூச்சியைவிட ஒரு இழை சின்னதாகக் கட்டினால் மன்னிக்கும். பெரிதாகக் கட்டினால் மன்னிக்காது.

இருப்பு என்று நான் சொல்வது, பூச்சி தண்ணீரில் எப்படி இருக்கிறது என்பது. மேலே கால் ஊன்றி நிற்கிறதா, பரப்பிலேயே படுத்துக் கிடக்கிறதா, பாதி உள்ளே தொங்குகிறதா? இது ஏன் முக்கியம் என்றால் மீனின் பார்வை அப்படி. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்குத் தலைக்கு மேல் ஒரு வட்டத்தின் வழியாக மட்டும்தான் வெளியுலகம் தெரியும். அந்த வட்டத்தின் அகலம், மீன் நிற்கும் ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் வெளிச்சிக்குச் சுமார் 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். அதற்கு வெளியே மேற்பரப்பு முழுவதும் உள்பக்கமாகக் கண்ணாடி ஆகிவிடும், அடித்தரைதான் அதில் தெரியும். அந்தக் கண்ணாடியில் ஒரு பூச்சி மிதந்து வந்தால், கால் பட்ட இடத்தில் விழும் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள்தான் முதலில் மீனுக்குத் தெரியும். பூச்சி பாதி மூழ்கியிருந்தால் புள்ளிகளுக்குப் பதில் உடம்பே தெரியும். வட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே மீன் முக்கால்வாசி முடிவை எடுத்துவிடுகிறது. கால் ஊன்றி நிற்கும் பொய்ப்பூச்சியைத் தொங்குகிற பூச்சியைத் தின்னும் மீனிடம் போட்டால் நிறம் அச்சு அசலாக இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மேலே ஒட்டி நிற்கும் மீனுக்கு வட்டம் சின்னது, ஆகவே பூச்சி அதன் மூக்குக்கு நேரே வர வேண்டும். பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளிப் போனால் அது பார்க்கவே இல்லை. பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

உருவத்துக்கு, சிறகை எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். தத்துப்பூச்சி முதுகில் கூரை போல மடித்திருக்கும். மேஃப்ளை என்கிற, தண்ணீரில் வளர்ந்து பறந்து வரும் மெல்லிய பூச்சி நிமிர்த்தி வைத்திருக்கும், முட்டையிட்டு ஓய்ந்து விழுந்தபின் இரண்டு பக்கமும் விரித்துப் போட்டிருக்கும். எறும்புக்கு இடுப்பு. அப்புறம் நிறம். வெளிறியதா, நடுத்தரமா, கருப்பா என்ற அளவுக்குச் சரியாக இருந்தால் போதும். மாலை மங்கியபின் மேலே பார்க்கும் மீனுக்கு எதுவுமே நிழலுருதான்.

கட்டுவதற்கு நம்மூரில் கிடைப்பவை

பட்டு நூலுக்கு எனக்குத் திருபுவனம் இருக்கிறது. தறி வீடுகளில் மிஞ்சும் துண்டு நூல் ஒரு கைப்பிடி கிடைத்தால் வருடக்கணக்கில் வரும். முறுக்கைப் பிரித்து ஒற்றை இழையாக எடுங்கள். எண் 20 முள்ளுக்கு அதற்கு மேல் தாங்காது. பட்டு நனைந்தால் ஒரு படி கருக்கும். ஆகவே நூலை எச்சில் தொட்டு நனைத்து, பூச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் தேர்ந்தெடுங்கள், காய்ந்த நூலைப் பார்த்து எடுக்காதீர்கள். சரிகை இழை பூச்சி உடம்பின் வளையங்களுக்குச் சரியாகப் பொருந்தும்.

மிதக்க வைக்கும் இறகுக்கு வாத்து. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடமோ வாத்துக்கறிக் கடையிலோ கேளுங்கள். வால் அடியில், எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி, ஒரு அங்குலத்துக்கும் குறைவான மென்மையான இறகுகள் இருக்கும். கறிக்கடையில் அந்த இடத்தை வெட்டித் தூர எறிவார்கள். "அது எதுக்குங்கண்ணே?" என்று கடைக்காரத் தம்பி சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அந்த இறகின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிளைகள் உண்டு, அவை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மிதக்கும். வெளிநாட்டில் பொய்ப்பூச்சி கட்டுகிறவர்கள் இதைப் பொட்டலம் பொட்டலமாக விலை கொடுத்து வாங்குகிறார்கள். இதன் மேல் எந்தப் பசையோ எண்ணெயோ தடவாதீர்கள், இழைகள் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிடும்.

சேவல் கழுத்து இறகு வாலுக்கும் காலுக்கும் வேண்டும். மயில்தோகை இழை மார்புக்கு. இப்போது தோப்புகளில் மயில் நடமாட்டம் அதிகம், உதிர்ந்த தோகை கிடைத்தால் போதும். அதற்காக மயிலைத் தொந்தரவு செய்வது சட்டப்படியே குற்றம். தலையில் முடிச்சை உறைய வைக்க நகப்பூச்சு. முள்ளைப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், பூதக்கண்ணாடி, மேசை விளக்கு.

தொங்கும் கொசுப்பூச்சி

டெல்டாவில் ஒரே ஒரு பொய்ப்பூச்சிதான் கட்டத் தெரியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மாலையில் விளக்கைச் சுற்றி மொய்க்குமே, கொசு போலவே இருந்து கடிக்காமல் போகும் பூச்சி, அதன் கூட்டுப்புழு இது. இதன் புழு சேற்றில் வாழும். சில இனங்களுக்கு இரத்தச் சிவப்பு. கூட்டுப்புழுவாகி மேலே வந்ததும் மேற்பரப்பின் அடியில் செங்குத்தாகத் தொங்கி, முதுகு வெடித்து, பூச்சியாகிப் பறக்கும். தொங்குகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் மீனுக்கு விருந்து. முதுகு மட்டும் புரள்கிற வட்டங்களைக் கண்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எண் 20 முள்ளை மாட்டுங்கள். கருப்பு அல்லது அரக்குப் பட்டு இழையை முள்ளின் கண்ணுக்கு, அதாவது தூண்டில் நரம்பு கோர்க்கும் துளைக்கு, பின்னால் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல் வளைவு தொடங்கும் இடம் வரை கொண்டுபோங்கள். அங்கே ஒற்றைச் சரிகை இழையை வைத்து இரண்டு சுற்றில் பிடித்து, நூலை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். உடம்பு மெலிந்தே இருக்க வேண்டும். அதற்கு மேல் ஓர் அடுக்கு சுற்றினாலே பூச்சி கர்ப்பிணி ஆகிவிடும். இப்போது சரிகையை இடைவெளி விட்டு நான்கு ஐந்து சுற்றில் முன்னுக்குக் கொண்டுவந்து கட்டி, மிச்சத்தை வெட்டுங்கள். வெட்டும்போது கத்தரிக்கோல் நுனி நூலைத் தொட்டால் எல்லாம் அவிழும், நூலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள். முன் மூன்றில் ஒரு பங்கில் மயில்தோகை இழை ஒன்றை இரண்டு சுற்று சுற்றினால் மார்பு வந்துவிடும். கடைசியாக ஒரே ஒரு வாத்து இறகின் நுனியைக் கண்ணுக்கு மேலே முன்னோக்கிச் சாய்த்துக் கட்டி, நெல் நீளத்துக்குக் கத்தரியுங்கள். கண்ணுக்குப் பின்னால் முடிச்சு, ஊசிமுனையில் நகப்பூச்சு ஒரு துளி. அந்தத் துளி இறகில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டியதை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். இறகு மட்டும் மேலே நின்று, உடம்பு உள்ளே தொங்க வேண்டும். படுத்துக் கிடந்தால் இறகு அதிகம். மூழ்கினால் நூல் அதிகம்.

பச்சைத் தத்துப்பூச்சிக்கு இதே முள்ளில் வெளிர்பச்சைப் பட்டு, முன்பக்கம் கொஞ்சம் தடித்து. வாத்துச் சிறகிலிருந்து ஒரு குறுகிய பட்டையை வெட்டி, நகப்பூச்சு தொட்டு உலர வைத்து, முதுகில் கூரையாக மடித்துக் கட்டுங்கள். ஆண் பூச்சிக்குச் சிறகு நுனி கருப்பு. மார்க்கரால் ஒரு புள்ளி. புகையானுக்குப் பழுப்பு நூல், அவ்வளவுதான் வித்தியாசம். சம்பா அறுக்கும் இயந்திரம் ஓரத்து வயலில் இறங்கும் நாளில், காற்று வாய்க்கால் பக்கம் அடித்தால், இந்த இரண்டும் தண்ணீரில் விழும். இவை பரப்பில் ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கும் என்பதால் பொய்ப்பூச்சியும் நிற்கக் கூடாது, படுக்க வேண்டும்.

விடியலில் குளத்தோரம் வெள்ளையாக, மூன்று வால் முடியோடு, 4 மில்லிமீட்டர்கூட இல்லாத மேஃப்ளை விழும். வாழ்வதே சில மணி நேரம், வாய் இருந்தும் தின்னாது. வெள்ளைப் பட்டு, சேவல் இறகில் மூன்று முடி வால், வாத்து இறகை இரண்டு பக்கமும் விரித்த சிறகு. இதைத் தின்கிற மீன்தான் உலகத்திலேயே பிடிவாதம். வெயில் ஏறியதும் தானே ஓயும்.

ஈசலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐப்பசி மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து கிளம்பினால் எண் 12 முள்ளில் பழுப்பு உடம்பும் வெளிறிய சிறகும் கட்டிப் போடுங்கள். அன்றைக்கு வேறு எதைப் போட்டாலும் வீண்.

ஒன்றுமே புரியாவிட்டால் எறும்பு. கருப்பு நூலில் இரண்டு உருண்டை, நடுவில் மெல்லிய இடுப்பு, இடுப்பில் சேவல் இறகு ஒரு சுற்று. கரையோர நாவலும் மாமரமும் தண்ணீரில் சாய்ந்திருக்கும் இடங்களில் எறும்பு விழாத நாளே இல்லை. வேறு பூச்சியில் மும்முரமாக இருக்கும் மீனும் எறும்பை விடுவதில்லை. டிரவுட்டுக்கும் இதே பலவீனம் உண்டு.

போடுகிற விதம்

பொய்ப்பூச்சியை மாற்றுவதற்கு முன் தூண்டில் நரம்பைப் பாருங்கள். 0.12 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த நரம்பில் எண் 20 பூச்சி சுதந்திரமாக மிதக்காது. தெளிந்த தண்ணீரில் 0.10-க்கு இறங்கலாம். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் நரம்பு பலம் இழந்து முதல் மீனிலேயே அறும்.

தூண்டிலுக்கு ரீல் வைத்த விலை உயர்ந்த கம்பு அவசியம் இல்லை. கண்ணி வாய்க்காலில் பின்னால் வீசவே இடமிருக்காது. காட்டாமணக்கு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். நுனி மெலிந்த மூங்கில் கழியில், கழி நீளத்துக்கே நரம்பு கட்டி, பூச்சியை எடுத்து வைப்பதுபோல வைக்கலாம். நரம்பு தண்ணீரில் படாமல் உயர்த்திப் பிடிக்க முடிவதால் இழுப்பும் இருக்காது.

இழுப்புதான் பெரிய எதிரி. நரம்பு ஒரு வேகத்திலும் தண்ணீர் ஒரு வேகத்திலும் போனால் பூச்சி தண்ணீரைக் கீறிக்கொண்டு ஓடும். நமக்குத் தெரியாத கீறல்கூட மீனுக்குத் தெரியும். பூச்சிக்குப் பக்கத்தில் ஓடும் நுரைக்குமிழியைப் பாருங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் சரி. மதகுக்குக் கீழே நுரை ஒரு கோடாகச் சேர்ந்து ஓடுமே, அடித்து வரும் பூச்சியெல்லாம் சேர்கிற பாதையும் அதுதான். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும், ஆகவே அதற்குப் பின்னால், கீழ்ப்பக்கமாகக் குனிந்து நின்று, எழும்பும் இடத்துக்கு நேரே, தண்ணீர் வருகிற பக்கமாக ஒரு முழம் முன்னால் போடுங்கள். எழும்புவதற்கு ஒரு தாளம் இருக்கும், அந்தத் தாளத்துக்குச் சேர்த்துப் போடுங்கள். குளத்தில் நீரோட்டம் இல்லை, மீன்தான் சுற்றும். இரண்டு மூன்று வட்டத்தை வைத்து அது போகிற திசையைக் கணித்து முன்னால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கொத்தியதும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். வெளிச்சி நொடியில் துப்பிவிடும் என்பதால் தாமதிக்கவும் கூடாது; மணிக்கட்டைச் சற்றே தூக்கினால் போதும், மெல்லிய முள் தானே ஏறும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி மழுக்கிவிட்டால் சின்ன மீனைக் காயமில்லாமல் திருப்பி விடலாம். நனைந்து மூழ்கும் பூச்சியை வேட்டி முனையில் ஒற்றி, வாயால் ஊதுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் மணிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்து, பூச்சியை உள்ளே விட்டுக் குலுக்கினாலும் உலரும்.

இருட்டியபின் எண் 20 முள்ளின் கண்ணில் நரம்பு கோர்ப்பது என்னால் ஆகாது. வீட்டிலேயே வெளிச்சத்தில் ஒரு சாண் நரம்பில் நான்கைந்து பூச்சிகளைத் தனித்தனியாகக் கட்டி, மறுமுனையில் வளையம் போட்டு அட்டையில் சுற்றி எடுத்துப் போவேன். வளையத்தை வளையத்தில் மாட்டினால் முடிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "மாமா, மண்புழு போட்டா இந்நேரம் குழம்பே கொதிச்சிருக்கும்" என்றான். "கொதிச்சிருக்கும்டா, நீ போடு" என்றேன். இப்போது அவன்தான் எனக்காகத் தெருவிளக்கின் கீழே வேட்டி விரிக்கிறான்.

எப்போது போவது? ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து கல்லணை வழியாக வரும் புதுத்தண்ணீர் செங்காவியாக இருக்கும்; அதில் நுண்பூச்சி வேலைக்காகாது. ஆவணி, புரட்டாசியில் தெளியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி கலங்கும், ஈசல் நாட்கள் மட்டும் விதிவிலக்கு. மார்கழி, தைதான் உச்சம்: தண்ணீர் தெளிவு, காற்று அடக்கம், சம்பா முதிர்ச்சி. ஜனவரி 28-ஐ ஒட்டி மேட்டூர் மூடியபின் ஆறு வற்றி மீன் மடுவில் ஒடுங்கும். ஒடுங்கிய மீனிடம் வித்தை காட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஊர்க் குளங்கள் பெரும்பாலும் குத்தகையில் இருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மலைக்குப் போய் டிரவுட்டிடம் கைவரிசை காட்ட ஆசைப்பட்டால் முன்கூட்டியே மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிய பூச்சிகளை வைக்கும் பெட்டியில் ஓர் அந்துருண்டை போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் நம் பொய்ப்பூச்சியை நிஜப்பூச்சி தின்றுவிடும்.